இன்னும் சின்னக் கை

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

மாட்டுக் கொட்டகைப் படியில் உட்கார்ந்து உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே இரண்டு கால் ஜீவன்கள் எல்லோரும் நலம். நாலு கால்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போனால்தான் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமாம். நடுக்கடலில் போன் எடுக்காது, கடிதமும் போகாது. இப்படி ஒரு வேலையைத் தேடிப் பிடித்தீர்களே, உங்களைச் சொல்ல வேண்டும்.

உருண்டை நன்றாக நடக்கிறான். நடக்கிறான் என்பதைவிட ஓடி விழுகிறான் என்று சொல்லலாம். நேற்று தவிட்டு மூட்டைக்குள் தலையை விட்டு, வாய் நிறையத் தவிட்டோடு வந்து நின்றான். துப்புடா என்றால் சிரிக்கிறான். இரண்டு வயதில் இவ்வளவு திமிர் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தம்பியைக் கேட்டால் சொல்வார்.

வாலுவைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து புகார். நகம் கடிக்கிறாளாம். எனக்குத் தெரியாதா? விரல் நுனி எல்லாம் சதை பிய்ந்து சிவந்து கிடக்கிறது. கசப்பு மருந்து வாங்கித் தடவினேன். அதையும் நக்கிவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்கிறாள். இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. நான் என்ன செய்தாலும் அடுத்த நிமிஷம் அதையே செய்கிறாள். நான் கன்றுக்குட்டியைத் திட்டினால், அதே வார்த்தையில், அதே குரலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு உருண்டையைத் திட்டுகிறாள். என் வாய் இவ்வளவு மோசமா என்று அவள் வாயில் கேட்கும்போதுதான் தெரிகிறது.

போன மாதம் ஒரு தெருநாய் கொட்டகைக்குள் புகுந்த கதையை எழுதினேனா? கன்றுகளுக்கு நடுவே பாய்ந்துவிட்டது. உங்கள் தம்பி தடியோடு துரத்திக்கொண்டு ஓடி, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார். நம் பசுக்களில் மகாராணிதான் கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். மூக்கில் ஒரு சின்னக் கீறல். மருந்து போட்டோம், ஆறிவிட்டது.

இப்போது அந்த மகாராணிதான் இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிகிறது. தண்ணீர் வைத்தால் மூக்கை விடுகிறாள், விழுங்க முடியவில்லை. சந்தையில் கழித்துப்போட்ட உருளைக்கிழங்கை வண்டியோடு வாங்கி வந்து போட்டிருந்தோம். ஏதோ ஒன்று முழுசாகப் போய்த் தொண்டையில் மாட்டிவிட்டது என்று நினைத்தோம். போன வருஷம் கறுப்புப் பசுவுக்கு இப்படி ஆனபோது நான்தானே கையை விட்டு எடுத்தேன்? இந்த வீட்டிலேயே சின்னக் கை என்னுடையது என்று அன்றைக்கு நீங்களே பெருமை பேசினீர்கள்.

அதனால் இந்தத் தடவையும் நானே இறங்கினேன். உங்கள் தம்பி நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. பல்லில் உரசி மணிக்கட்டில் தோல் போனதுதான் மிச்சம். அண்ணி, உங்க கை இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா எட்டியிருக்கும் என்று உங்கள் தம்பி கேலி பேசினார். வாலு வாசலில் நின்று வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே காலை வைத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று விரட்டினேன்.

நாளைக்கு மாட்டு டாக்டரம்மா வருகிறார். சரியாகிவிடும். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எஞ்சின் சூட்டிலேயே நிற்காமல் அவ்வப்போது மேலே வந்து காற்று வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுச் சின்னக் கை


அன்புள்ளவருக்கு,

பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தால் நீங்கள் முதலில் பயந்துவிடுவீர்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மகாராணி போய்விட்டாள்.

டாக்டரம்மா வருவதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. உங்கள் மாடா இப்படிக் கத்துகிறது என்று அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு சுவரில் முட்டினாள். பிறகு பின்னங்கால் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். என்னைப் பார்த்தால் தலையை நீட்டுவாளே, அவள் என்னை யாரோ போலப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

டாக்டரம்மா கிட்டேயே போகவில்லை. எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். நாய் எதுவும் வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். உங்கள் தம்பி செருப்புக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தொண்டையில் ஒன்றும் மாட்டவில்லை, இது வெறிநோயாக இருக்கலாம் என்றார். மாட்டுக்கு அந்த நோய் வந்தால் பார்ப்பதற்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரியே இருக்குமாம். மாடு வளர்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கையைத்தான் விடுவார்களாம். நோய் இருப்பது அந்த எச்சிலில். 

மணிக்கட்டைக் காட்டினேன். அப்படியே குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவு கழுவு என்று கழுவ வைத்தார். அன்றைக்கே நானும் உங்கள் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டோம். இன்னும் சில ஊசிகள் பாக்கி. ஊசியைப் பார்த்ததும் உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டார், இவர்தான் தடியெடுத்து நாயை விரட்டியவர். மாடுகளுக்கும் போட்டாகிவிட்டது. பால் காய்ச்சித்தான் குடித்தோம், அதனால் கவலை இல்லையாம். மகாராணியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அதற்கு முன்னால் அவள் மூளையிலிருந்து கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும்.

குழந்தைகள் யாராவது மாட்டின் வாய்ப் பக்கம் போனார்களா என்று டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார். கொட்டகைக்குள்ளேயே விடவில்லை, என் குழந்தைகள் என் சொல்லைத் தாண்ட மாட்டார்கள் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அந்த ஒரு நிம்மதிதான் இப்போது எனக்கு.

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை இறுக்குகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் சிரிக்கிறார், அது பயத்தின் இறுக்கம் என்கிறார். இருக்கட்டும். வாலு மட்டும் பேச்சைக் குறைத்துவிட்டாள். சித்தப்பா சொன்னது பொய்யா என்று ஒரு தடவை கேட்டாள். எது பொய் என்று கேட்டால் ஓடிவிட்டாள். ஏதாவது மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று உங்கள் தம்பி ஏமாற்றியிருப்பார். மகாராணி இல்லாத ஏக்கமும் இருக்கும். விட்டுவிட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்படாமல் இருக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


என்னங்க,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. காகிதத்தை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கறவைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே உருண்டை வீல் என்று அலறினான். ஈரக் கையோடு ஓடினேன். வாலு அவனைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, ஒரு கையால் அவன் நாக்கை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தாள். ஆடாத மகாராணி, ஆடாத, எடுத்துட்டேன் என்று என் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து இழுத்து, முதுகில் ஒன்று வைத்துவிட்டேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் மெதுவாத்தாம்மா விட்டேன். அன்னைக்கு மகாராணி என்னைக் கடிக்கவே இல்லை."

 அவளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். நான் கையை விட்டுப் பார்த்த அதே நாள் சாயங்காலம், நான் பால் ஊற்றப் போயிருந்தேன், உங்கள் தம்பி வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார். இவள் உள்ளே போயிருக்கிறாள். படுத்திருந்த மகாராணியின் வாய் தானாகவே தொங்கிக்கொண்டிருந்ததாம். உள்ளே கையை விட்டிருக்கிறாள். உருளைக்கிழங்கு இல்லையாம். உங்க கை இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா எட்டியிருக்கும் என்று சித்தப்பா சொன்னாரே, என் கைதானே இன்னும் சின்னக் கை என்கிறாள். எட்டியும் ஒன்றும் கிடைக்காததால் சித்தப்பா சொன்னது பொய் என்று அவளுக்கு வருத்தம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். காலை ஒடிப்பேன்னு சொன்னியே என்றாள்.

நாள்கணக்காக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஐந்து வயதுப் பிள்ளை. அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியிலும் கடித்த இடம், பிய்ந்த சதை. நான் கழுவினேன், சோப்புக் கட்டி கரையும் வரை கழுவினேன். இனி கழுவி என்ன என்று தெரிந்தும் கழுவினேன். உங்கள் தம்பி வண்டியை எடுத்தார்.  ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, என் வாயை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும் அண்ணி என்றார்.  அவரைத் திட்டினால் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். உடனே வந்திருக்க வேண்டும், தாமதம்தான் என்றார். ஆனாலும் நோய்க்குறி எதுவும் தெரிவதற்கு முன்னால் வந்துவிட்டோம், அதுதான் முக்கியம், ஊசிகளை ஒன்றுகூட விடாமல் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்றார். பெரும்பாலும் என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தோளில் ஊசி, பிறகு புண்ணாய் இருந்த விரல்களைச் சுற்றிச் சுற்றி ஊசி. இரண்டு நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். அவள் போட்ட சத்தத்தில் நான் வெளியே ஓடிவிடலாம் என்று நினைத்தேன், ஓடவில்லை. உருண்டைக்கும் போட்டுவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவனுக்குத் தேவையே இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

நேற்று டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். போனில் சொல்லாமல் நேரில் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பரிசோதனை முடிவு அதேதான். மகாராணிக்கு வந்தது வெறிநோய்தான்.

அதிலிருந்து என் பிழைப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த நோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே பயப்படுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் வாலு தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கறக்கும்போது எழுந்து வந்து கொடுக்கிறேன். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் விட்டுவிட்டு வந்து கொடுக்கிறேன். குடித்து முடித்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவள் தும்மினால் எனக்கு உயிர் போய் வருகிறது.

இன்று மத்தியானம் டம்ளரை நீட்டினேன். வேண்டாம் என்றாள். ஒரு வாய் குடி என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனேன், தண்ணீர் சிந்தியது. அதைப் பார்த்து அவள் பின்னால் நகர்ந்தாள். அந்த நிமிஷத்தை நான் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை தடவைம்மா தண்ணி காட்டுவ? நான் என்ன மாடா? இப்பதான் கன்னுக்குட்டியோட தொட்டியில குடிச்சேன், வயிறு ரொம்பிடுச்சு."

பாவாடை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பாசி பிடித்த தொட்டித் தண்ணீர். வேறு நாளாக இருந்தால் தோலை உரித்திருப்பேன். இன்று கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே, எவ்வளவு குடித்தாய் என்று கேட்டேன். நிறைய என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது ஊசிகள் எல்லாம் முடிந்திருக்கும். எல்லாம் தெரிந்திருக்கும். நீங்கள் இதைப் படிக்கிற அந்த நாளுக்கு இப்போதே போய் நின்றுகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. பாதியில் இறங்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தம், அபராதம் எல்லாம் எனக்கும் தெரியும். துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் வீட்டுக்குப் போன் போடுங்கள். என்னிடம் பேச வேண்டாம், நான் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். வாலுவைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவளே போனை எடுப்பாள். எடுப்பாள் என்றுதான் எழுதியிருக்கிறேன், அந்த வார்த்தையை அடித்துவிடவில்லை.

பின்பக்கத்தில் அவள் தன் கையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறாள். விரல்களில் கட்டு இருப்பதால் நுனிகள் கொழுகொழுவென்று வந்திருக்கின்றன. அப்பாவிடம் என் கை எவ்வளவு சின்னது என்று காட்டு என்றாள். உங்கள் கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அங்கே எஞ்சின் சூடு அதிகம், தாகம் தெரியாது. தாகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்காகத் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா