உன் வீட்டுப் படிகள்

என் வழுக்கை அண்ணனுக்கு,

லீவு விட்டாயிற்று. பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த ஸ்பெஷல் ஸ்கூலில் மிச்சம், சின்ன வயசில் வந்து இங்கேயே தங்கிவிட்ட நாற்பத்தாறு வயசுப் பிள்ளை நானும் வாட்ச்மேனும்தான். என் பேச்சுக்குப் பயந்து அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறார்.

“உங்கண்ணனோட புது வீட்ல படி நிறையவாம். உன்னால ஏற முடியாதுன்னு போன்ல சொன்னார்” என்றார் பெரிய டீச்சர், ஊருக்குக் கிளம்பும்போது. நான் சிரித்துவிட்டு நேரே நடைப்பயிற்சி அறைக்குப் போனேன்.

அங்கே மரப்படி இருக்கிறது. மூன்று ஏறி மூன்று இறங்கினால் மறுபடியும் அதே அறைதான். ஊன்றுகோலோடு முதல் நாள் ஒரு படி ஏறினேன். நேற்று நிற்காமல் முப்பது.

“எங்கேம்மா கிளம்பிட்ட?” என்றார் வாட்ச்மேன்.

“எங்கண்ணன் வீட்டு மாடிக்கு!”

உன் வீட்டில் மொத்தம் எத்தனை படி? அதை மட்டும் எழுது, போதும். அறுபது என்றாலும் லீவு முடிவதற்குள் பழகிவிடுவேன்.

உன் வாயாடித் தங்கை