கைக்குட்டைக்குக் கீழே என் கையெழுத்து

அன்புள்ள சூசை,

அன்பு என்றுதான் எழுத வருகிறது. இருபது வருஷமாக உன்னோடு பேசாதவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தாய். வாசலில் நம் கல்லூரித் தோழர்கள் அந்தக் கைக்குட்டைக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விகட நாடகப் போட்டியின் விதி உனக்கு நினைவிருக்கும். நாடகத்தை முன்கூட்டியே எழுதி, பொறுப்பேற்பவன் கையெழுத்திட்டு, பிரின்சிபாலிடம் கொடுக்க வேண்டும். கடைசி வருஷம் எழுதியவன் நான், கையெழுத்தும் என்னுடையது. நீ துரை வேஷம், நான் நாவிதன் வேஷம். முடிவில் துரை என் கையைக் குலுக்கிவிட்டுப் போக வேண்டும். தாளில் அவ்வளவுதான் இருந்தது.

நீ குலுக்கினாய். பிறகு கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாய். முன்வரிசையில் இருந்த ரயில்வே துரை, சற்று முன்புதான் நம் கைகளைக் குலுக்கிவிட்டு அப்படித் துடைத்திருந்தார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பிரின்சிபால் அந்தத் தாளை நீட்டி, கைக்குட்டை யார் யோசனை என்று என்னைக் கேட்டார். நீ பக்கத்தில் நின்று, குனிந்து உன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் அறைக்கு வெளியே வந்ததும், "கொஞ்சம் பொறு மச்சான், நானே போய்ச் சொல்றேன்" என்றாய்.

எப்போது சொன்னாய், சூசை?

உனக்கு ரயில்வே வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. கையெழுத்து என்னுடையது என்பதால் பழி என் மேல் விழுந்தது; எனக்கு டெங்கில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைதான். போட்டியையே நிறுத்தினார்கள், அதற்கும் பின்னால் வந்த மாணவர்கள் என்னைத்தான் ஏசினார்கள். இப்போது அந்த மேடையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

"துரை மூஞ்சிக்கு நேரா செஞ்சான்லா, யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?" என்றான் உன் வாசலில் ஒருவன். எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறந்தேன். அப்போது உன் மகள் காப்பியோடு வந்து நின்றாள்.

"மாமா, நீங்க கூடவே நின்னீங்களாமே. அப்பா கொஞ்சம்கூடப் பயப்படலையா?"

அழுது வீங்கியிருந்தது, உன்னையே உரித்து வைத்த முகம்.

"இல்லம்மா" என்றேன்.

உனக்காக இரண்டாம் தடவையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கடிதம் அச்சாகும் பத்திரிகை உன் வீட்டுக்கும் வரும் என்று தெரிந்துதான் இதில் எழுதுகிறேன். அவள் படித்துவிட்டுக் கேட்டால் இரண்டையும் சொல்வேன். மேடையில் நீ பயப்படவில்லை; எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. மறுநாள் பயந்தாய், அதை நான் மன்னிக்கவில்லை.

இந்த முறை தாளில் எழுதியது மட்டும்தான் நடக்கும்.

இன்னும் அந்த அறைக்கு வெளியே காத்து நிற்கும்,
உன் மச்சான்