போனில் இருக்கும் டீச்சர்

ஜூன் 2, திங்கள்

விடியும் முன்னமே மழை. பன்வில டவுனிலிருந்து ஸ்கூலுக்கு ஏறும் ரோட்டில் த்ரீவீல்காரர் பாதியில் இறக்கிவிட்டார். மேலே சேறாம், சில் நின்ற இடத்திலேயே சுற்றுமாம். குடைக்கம்பி ஒன்று போச்சு. சாரி முழங்கால் வரை நனைந்து நாலாம் வகுப்புக்குள் நுழையும்போதே மூக்கு நுனியில் கோபம். முதல் பாடத்திலேயே நாலு பேருக்கு ஏச்சு. அதில் ஒன்று எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

பின்னேரம் குரல் பதியும் வேலை. போன மாதம் கண்டியில் பயிற்சியில் சொல்லித்தந்த விளையாட்டு. பெருக்கல் வாய்ப்பாடு. திரையில் ஒரு பலா மரம், அடியில் ஒரு குரங்கு. கணக்கு ஒன்று வரும், அதற்கு நாலு விடை. சரியானதைத் தொட்டால் மணி அடிக்கும், குரங்கு ஒரு கிளை ஏறும். பிழையானதைத் தொட்டால் குரங்கு இருந்த இடத்திலேயே இருக்கும், டீச்சரின் குரல் பிள்ளையின் பெயர் சொல்லி ஆறுதல் சொல்லும். அந்தக் குரலை அவரவர் டீச்சர்தான் பதிய வேண்டும். பயிற்சி தந்தவர் சொன்ன காரணம்: சரியாகச் செய்யும் பிள்ளைக்கு மணி போதும், பிழை விடும் பிள்ளைக்குத்தான் ஆள் தேவை.

என் அறைக்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பதிந்தேன். நல்ல அமைதி. "பரவால்லடா செல்லம், இன்னொருக்கா பாப்போம்." "அவசரம் இல்ல, மெதுவா யோசி, நான் இங்கதான் இருக்கேன்." இப்படிப் பத்துப் பன்னிரண்டு, கூடவே வகுப்பிலுள்ள அத்தனை பெயரும்; பெயரை முன்னால் ஒட்டுவது விளையாட்டின் வேலை. வகுப்பில் இந்த வாயிலிருந்து இந்த மாதிரி ஒரு சொல் வந்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்காரி சோமா அக்கா தேத்தண்ணியோடு வந்து, அலுமாரிக்குள் தலையை விட்டுச் செல்லம் கொஞ்சும் என்னைப் பார்த்துவிட்டு, கோப்பையை மேசையில் வைத்து, கதவையும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ.

இன்று மனிதரோடு பேசியதைவிட அலுமாரியோடு பேசியது கூட.

வாங்க வேண்டியது: போனுக்கு ரீலோட், பருப்பு, தே. எண்ணெய். குடைக்கம்பி மாற்றுவார்களா, கேட்க.

ஜூன் 4, புதன்

விளையாட்டைப் பெற்றோர் குரூப்பில் நேற்று அனுப்பினேன். இன்று இடைவேளையில் குழாயடியில் பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"டீச்சர் போன்ல நல்லவங்கடி. செல்லம்னு சொல்றாங்க."

"ஸ்கூலுக்கு வந்தாத்தான் ஏசுவாங்க."

சிரிப்பும் வந்தது, நெஞ்சில் ஏதோ குத்தவும் செய்தது. வகுப்புக்குப் போய் ஒருவரையும் ஏசாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் பாடம் வரை தாக்குப்பிடித்தது.

யார் விளையாடினாலும் என் போனில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு பச்சைப் புள்ளி வரும். பின்னேரம் கட்டிலில் கால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் லய வீடுகளில் ஒன்று, தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில் ஒன்று, பிறகு ஒரேயடியாக ஏழெட்டு. அத்தனை வீட்டுக்குள்ளும் இந்த நேரம் என் குரல் போய்ப் பேசுகிறது. நான் இங்கே தனியே பாணைப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டு.

ஜூன் 6, வெள்ளி

மழை இல்லை, பனி. பிள்ளைகளின் தலைகள் மட்டும் மிதந்து வந்தன.

வார முடிவுப் புள்ளிகள். அதிக நேரம் விளையாடியது நிரோஷனி (இனி நி., இந்தப் பெயரைப் பல தடவை எழுத வேண்டிவரும் போல). ஆகக் குறைந்த புள்ளியும் அவளே. பூச்சியம். குரங்கு ஒரு கிளைகூட ஏறவில்லை.

இந்தத் தவணைதான் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஜன்னலோரம் இருப்பாள். வாயே திறப்பதில்லை. கொப்பியைப் பார்க்க நான் பக்கத்தில் போனால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள், பக்கம் வெறுமை. அம்மா கண்டியில் புடவைக்கடையில் வேலை, முதல் பஸ்ஸுக்குப் போய் இருட்டித்தான் வருவார். அப்பா பெக்டரியில். ஸ்கூல் விட்டால் பொழுது சாயும் வரை அவளும் அப்பாவின் பழைய போனும்தான்.

ஸ்கூல் அதிபர் கூப்பிட்டுக் கேட்டார், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான விசேட அலகுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை யாராவது உண்டா, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பெயர் கேட்கிறார்கள் என்று. அது வத்தேகமவில், வேறு ஸ்கூலில். நான் நி.யின் பெயரைச் சொன்னேன். விளையாட்டே அவள் புள்ளிகளுக்குப் போட்டுத்தந்த கலர்ப் படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். படம் போட்டு வந்தால் அதிபருக்கு அது வேதவாக்கு. தலையாட்டித் தலையாட்டிப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 8, ஞாயிறு

கெலிஓயாவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். என் பழைய அறையில் கடைச் சாமான் பெட்டிகள் கூரை வரை. அண்ணன் கடையிலிருந்து வந்து, "வந்தியா பாப்பா" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்விட்டார். அண்ணி தேத்தண்ணி தந்த கையோடு, "திரும்ப எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார். கெட்ட மனசில்லை. சமையலுக்கு ஆள் கணக்குப் பார்த்திருப்பார். ஆனாலும் அந்தத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

சொன்ன பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். கண்டியில் மாற வேண்டும். பஸ் நிலையத்தில் அவ்வளவு கூட்டம், தெரிந்த முகம் ஒன்றில்லை. ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் அண்ணி தந்த மாங்காய் ஊறுகாய்ப் போத்தல், அதையே பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய். போயா

லீவு. பௌர்ணமிக்குச் சந்தியில் தன்சல் பந்தல், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சும்மா ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சோமா அக்கா இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்று மழைத் தூறலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். பைத்தியம்தான், ஆனால் நன்றாக இருந்தது. தடிமன் பிடிக்கப் போகிறது.

நி.யின் பச்சைப் புள்ளி காலையிலிருந்து அணையவே இல்லை. திறந்து பார்த்தேன். பிழை. பிழை. பிழை. ஓரொன்று ஒன்றுக்கும் பிழை! போனைக் கட்டிலில் எறிந்தேன். பாவம் என்று ஒரு பக்கம், இவ்வளவு மண்டாகவா என்று இன்னொரு பக்கம். பெயர் கொடுத்தது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

நி.யின் அப்பா ஸ்கூலுக்கு வந்தார். அதிபரின் கடிதம் கிடைத்திருக்கிறது. பெக்டரி உடுப்போடேயே வந்தார், தேயிலைத் தூள் வாசம். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வீட்டில் விடியக்காலையில் ஆளில்லை, இந்தப் பிள்ளையை வத்தேகம பஸ்ஸில் ஏற்றிவிட யார் இருக்கிறார்கள், மாறி இறங்கிவிட்டால் வாய் திறந்து வழி கேட்கவும் மாட்டாள் என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார். சண்டை பிடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏலாது டீச்சர். அங்கதான் போகணும்னா புள்ள ஸ்கூலே போக வேணாம், வீட்டுலயே இருக்கட்டும்."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"புத்திக்குத்தான் ஏதோன்னு நாங்களும் நெனச்சோம். இங்க பேச மாட்டாங்குறீங்க. வீட்டுல அந்தப் போனோட வாய் ஓயாம பேசுது. நீங்க ஒன்னு சொன்னா அது ஒன்னு சொல்லுது. சாப்பிட்டீங்களான்னு கேக்குது."



அறைக்கு வந்து நி.யின் விளையாட்டை முதலிலிருந்து பார்த்தேன். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இடைக்கிடை ஒன்று சரி வரும். சோமா அக்காவின் பூனை தொட்டாலும் வரும். இவளுக்கு இத்தனை நாளில் ஒன்றுகூட வரவில்லை. எல்லாமே பிழையாக வர வேண்டுமென்றால் சரி எதுவென்று ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே அதை விட்டுவிட்டு மற்றதைத் தொடுகிறாள். சரியைத் தொட்டால் வெறும் மணி. பிழையைத் தொட்டால் நான்.

கணக்கு டீச்சர் என்று பெயர் எனக்கு. வெட்கக்கேடு. இந்தக் கையாலேதான் அந்தப் படத்தைக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

தடிமன் வந்தேவிட்டது. தொண்டை கரகரப்பு.

அதிபரிடம் எல்லாம் சொன்னேன். படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெயர் வலயத்துக்குப் போய்விட்டதாம். "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" சொன்னேன்தான். விடாமல் நின்றேன். கடைசியில் இறங்கி வந்தார்: நாளைக்குத் தன் அறையில், தன் முன்னால், நி. அதே விளையாட்டை விளையாடட்டும். குரங்கு உச்சிக்கு ஏறினால் வலயத்துக்குப் போன் பண்ணுவார். ஏறாவிட்டால் கடிதம் கடிதம்தான். நான் வாய் திறக்கக் கூடாது.

நல்ல நிபந்தனை. அவள் என் குரலுக்காக அங்கேயும் பிழையைத்தான் தொடுவாள். எழுத்துச் சோதனை வைக்கலாம் என்றால் ஆள் பக்கத்தில் நின்றால் பென்சிலைக் கீழே வைப்பவள். முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்தாலே பயப்படுகிற பிள்ளைக்கு நான் எதைச் சொல்ல?

வழி ஒன்றுதான். மாற்றிப் போட்டேன். பிழைக்கு மணி, சரிக்கு என் குரல்; குரங்கு பழையபடி சரிக்கே ஏறும். இதற்குப் புதிதாகப் பதிய வேண்டும். திரும்ப அலுமாரி, திரும்பச் சாரி. ஒன்றும் வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்த வாய்க்குப் பாராட்டத் தெரியவில்லை. "வெரி குட்" என்றேன், இன்ஸ்பெக்டர் மாதிரி இருந்தது. என்னை யாராவது கடைசியாக எப்போது நல்லாச் செய்தாய் என்று சொன்னார்கள்? யோசித்துக்கொண்டே இருந்ததில் அழுகை வந்துவிட்டது. அந்தக் குரலிலேயே பதிந்தேன். "நீ கெட்டிக்காரி." "எனக்குத் தெரியும், உனக்கு ஏலும்னு." "நீ செஞ்சா எனக்குச் சந்தோஷம்டா." திருப்பிப் பதியத் தெம்பில்லை, அப்படியே விட்டேன். இப்போதைக்கு என் போனில் மட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு நாளைக்கு அனுப்ப வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். ஆச்சரியம்.

இரண்டாம் பாடத்தில் நி.யை அதிபரின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் பெயரில் விளையாட்டைத் திறந்திருந்த என் போனைக் கொடுத்து, விளையாடு என்று மட்டும் அதிபர் சொன்னார். நான் அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோரம்.

முதல் கணக்கு. பிழை. மணி அடித்தது. அவள் போனைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அடுத்தது. பிழை, மணி. அடுத்ததும். அதிபர் என்னைப் பார்த்தார், சொன்னேனே என்கிற பார்வை. நி. சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினாள். திரும்பவும் பிழை, திரும்பவும் மணி. அவள் தோள் சுருங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. யாரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதைப் போல நின்றாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு விரலை எடுத்து, நாலு விடையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழெட்டு எத்தனை என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறைத் தொட்டாள்.

"நிரோஷனி, நீ கெட்டிக்காரி."

திரும்பி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சரி. ஒவ்வொன்றுக்கும் குரல் முடியும்வரை காத்திருந்து, தலையாட்டிக் கேட்டு, அதன் பிறகே அடுத்ததைத் தொட்டாள். குரங்கு உச்சிக்குப் போய்ப் பலாப்பழத்தில் ஏறி இருந்தது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலயத்தின் இலக்கத்தை என் முன்னாலேயே அழுத்தி, ஒரு பெயரை எடுக்க வேண்டும், பிழை எங்கள் பக்கம் என்றார். எங்கள் பக்கம் என்று சொன்னதற்கு அவருக்கு நன்றி.

வகுப்புக்குத் திரும்பும் வழியில், வராந்தாவில், நி. என் சாரி நுனியைப் பிடித்து இழுத்தாள். முதன்முதலாக என்னிடம் பேசினாள். சின்னக் குரல், ஆனால் தயக்கமே இல்லை.

"டீச்சர், போன்ல இருக்க டீச்சருக்குத் தடிமனா?"

ஓமென்று தலையாட்டினேன்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க அங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியும். எங்க வீட்டுலன்னா பக்கத்து வீட்டு டீவி, அவங்க பாப்பா அழுவுறது, எல்லாம் கேக்கும். அங்க வேற யாரு சத்தமுமே கேக்காது. அதான் டீச்சர், நான் போயிறாம பேசிக்கிட்டே இருந்தேன்."