கோல் வித்தியாசமா, நேருக்கு நேரா

மார்ச் 3, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று மாலை நம் கடைவீதிக் கால்பந்து லீக் முடிந்தது. உங்கள் அச்சக அணியும் என் தார்ப்பாய்க் கடை அணியும் பதினான்கு ஆட்டத்தில் தலைக்கு முப்பத்தொரு புள்ளி எடுத்திருக்கின்றன. மேல் பிரிவுக்கு ஒரு அணிதான் போக முடியும். அது என் அணி.

கணக்கு எளிது. நாங்கள் அடித்தது முப்பத்து நான்கு கோல், வாங்கியது பதின்மூன்று. வித்தியாசம் இருபத்தொன்று. நீங்கள் அடித்தது இருபத்தாறு, வாங்கியது ஒன்பது. வித்தியாசம் பதினேழு. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பது உலக வழக்கம். லீக் தலைவர் என்ற முறையில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால், செயலாளர் என்ற முறையில் நான் மேல் பிரிவுக்கு இன்றே பெயர் அனுப்பி விடுவேன்.

ஒன்பது வருடமாக அணி நடத்துகிறேன். மூன்று முறை இரண்டாம் இடம். தலையில் கயிற்றுக் கட்டு சுமந்து விற்றவன் நான். இரண்டாம் இடத்தில் நிற்பது எனக்கு ஒத்து வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

போனில் உங்களோடு பேசினால் நான் "ம்" சொல்வதற்கும் இடம் இருக்காது. கடிதம்தான் வசதி. பதில் வரும்வரை நீங்கள் சும்மா இருந்தாக வேண்டும்.

உலக வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் ஒரு லீக்கில் கோல் வித்தியாசம் பார்க்கிறார்கள். இன்னொன்றில் சமமாக நிற்கும் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியபோது யார் ஜெயித்தது என்று பார்க்கிறார்கள். சில இடத்தில் மஞ்சள் அட்டைகளை எண்ணுகிறார்கள். ஒன்றும் முடியாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். நம் லீக்கில் என்ன வழக்கம் என்பதை நம் விதிப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். ஏழாம் விதி, பக்கம் நான்கு: "புள்ளிகள் சமமானால், அவ்விரு அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவே முதலில் பார்க்கப்படும்."

நாம் இரண்டு முறை ஆடினோம். முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் ஜெயித்தோம். உங்களுக்கு அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளும் என் மகனும் நலம். இரண்டு பேரும் இங்கே என்னோடுதான் இருக்கிறார்கள். உங்கள் மகள் எனக்குக் கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு போட்டிருக்கிறாள். அதில் உங்கள் சாயல் தெரிகிறது.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 5, புதன்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மனம் விட்டு எழுதுகிறேன். அந்த ஏழாம் விதி செல்லாது. ஏனென்றால் அது திருட்டு விதி. திருடியவன் நான்.

மூன்று வருடம் முன்பு பாத்திரக் கடை அணியும் நாங்களும் புள்ளியில் சமமாக நின்றோம். இரண்டு ஆட்டத்திலும் அவர்களை நாங்கள் அடித்திருந்தோம். ஆனாலும் கோல் வித்தியாசத்தில் அவர்கள் மேலே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த வருடம்தான் விதிப் புத்தகம் புதிதாக உங்கள் அச்சகத்துக்கு வந்தது. கமிட்டி எழுதிக் கொடுத்தது "கோல் வித்தியாசம்". புரூஃப் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. நான் அதை அடித்துவிட்டு "தமக்குள் ஆடிய ஆட்டங்கள்" என்று எழுதினேன். எட்டுக் கடைக்காரர்களில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. படித்துப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, கமிட்டி ஒப்புதல் இல்லாத விதி. பழைய விதிதான் சட்டப்படி சரி. அதன்படி நான் மேலே போகிறேன். என் தப்பை நானே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், இதற்கு மேல் நேர்மையாக ஒரு வியாபாரி எப்படி இருப்பது?

மகளிடம், சர்க்கரை விஷயத்தில் உங்களை விடவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லவும்.

சம்பந்தி


மார்ச் 6, வியாழன்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். அந்தப் புரூஃப் தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பச்சை மையில் உங்கள் கையெழுத்து. அன்றைக்கே பார்த்தேன். அச்சடிப்பவள் எதைத்தான் படிக்காமல் விடுவாள்? நேருக்கு நேர் என்பது எனக்கும் நியாயமாகப் பட்டது, அதனால் பேசாமல் அடித்துக் கொடுத்துவிட்டேன். உங்கள் திருட்டில் எனக்கும் பங்கு உண்டு.

கமிட்டியைக் கூட்டி இதைச் சொன்னால் அவர்கள் பழைய விதிக்குத்தான் போவார்கள். நீங்கள் ஜெயிப்பீர்கள். கூட்டட்டுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்.

கோல் வித்தியாசம் பார்த்தால் அந்த இரண்டாவது ஆட்டம் பதினான்கில் ஒன்றாகக் கரைந்துவிடும். நேருக்கு நேர் பார்த்தால் அந்த ஆட்டம்தான் எல்லாம். அன்றைக்கு உங்கள் கோல்கீப்பர், உங்கள் கடையிலேயே வேலை பார்க்கும் என் மகன். கடைசி நிமிடத்தில் பந்து அவன் கைக்கு வராமல் உள்ளே போனது. நூறு பேர் முன்னால் நீங்கள் கத்தினீர்கள்: "என்ன மாப்பிள்ளை, அம்மாவுக்கு டோர் டெலிவரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கையுறையைக் கழற்றி கோல் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தான். அன்றிலிருந்து உங்கள் கடைக்கும் வரவில்லை, மைதானத்துக்கும் போகவில்லை. இங்கே உட்கார்ந்து கவர் மடிக்கிறான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உங்கள் மகள்தான் சொல்கிறாள்: "அப்பாவுக்கு வாய் ஒரு கம்பெனி, மூளை வேற கம்பெனி அத்தை."

கடைசி ஆட்டத்தில் கோடவுன் வாட்ச்மேனை கோலில் நிறுத்தினீர்கள். மூன்றுக்கு நான்கு என்று தோற்றீர்கள். அதில் ஒரு கோல் தடுத்திருந்தால் டிரா. முப்பத்திரண்டு புள்ளி. நாம் இந்தக் கடிதம் எதையும் எழுதியிருக்க மாட்டோம்.

என் மகன் அந்தக் கோலை விட்டுக் கொடுத்தான் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? ஆமாம் என்றால் நாளைக்கே கமிட்டியைக் கூட்டுகிறேன், மேல் பிரிவுக்கு நீங்களே போங்கள். ஆனால் அதற்குப் பிறகு அவன் உங்கள் கடைப்படி ஏற மாட்டான். நானும் ஏறச் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி


மார்ச் 8, சனி

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கமிட்டி வேண்டாம்.

நேற்று காலையில் வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் தொட்டுப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். உங்கள் அச்சகத்தில் காகிதம் வெட்டும் கட்டிங் மாஸ்டர் அன்றைக்கு அந்தக் கோலை அடித்த அதே இடத்தில் பந்தை வைத்து வாட்ச்மேனை அடிக்கச் சொன்னேன். கோலில் நான் நின்றேன். அறுபத்தொரு வயது, தொந்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

பதினான்கு முறை அடித்தார். பதினொன்று உள்ளே. "மொதலாளி, குனிங்க! குனிங்க!" என்று அவர் கத்த, நான் குனிவதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போய் வலையில் படுத்துவிடும். கோலுக்கு நாலடி முன்னால் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம் ஒன்று இருக்கிறது. பந்து உருண்டு வந்து அங்கே ஒரு குதி குதித்துத் திரும்புகிறது. மனுஷன் பிடிக்க முடியாது. ஒரு பந்து என் மூக்கில் பட்டது. வாட்ச்மேன் கேட்டார், "இது யாருக்கு மொதலாளி டெலிவரி?" அவரை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

ஆகையால் எழுத்தில் தருகிறேன். அந்த ஆட்டம் நேர்மையான ஆட்டம். அந்தக் கோல் நேர்மையான கோல். அச்சில் உள்ள ஏழாம் விதிப்படி உங்கள் அணி மேலே போகிறது. பெயர் அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன்.

மாப்பிள்ளைக்கு எழுத எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை நாலு மணிக்கு நேரில் வருகிறேன். விரட்டிவிடாமல் இருக்கச் சொல்லவும்.

சம்பந்தி


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று நீங்கள் போன பிறகும் அச்சகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. எல்லாரும் உங்களைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீங்கிய மூக்கோடு நீங்கள் பைண்டிங் மேஜைக்கு நேராகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"மாப்பிள்ளை, அங்க பந்து குதிக்குது."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அப்போது நீங்களே போய் மிஷினை நிறுத்தினீர்கள். "எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் கேக்குறேன். நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை."

எங்கள் கட்டிங் மாஸ்டர் விட்டாரா? "ஐயா, மிஷின் சத்தத்துல சரியாக் கேக்கல, இன்னொரு தடவை!" நிறுத்திய மிஷினில் எங்கே சத்தம்? ஆனாலும் நீங்கள் இன்னொரு தடவை சொன்னீர்கள். மூன்று வாரம் கழித்து என் மகன் சிரித்தான். உங்கள் மகள் அழுதுகொண்டே உங்கள் மூக்குக்கு ஐஸ் வைத்தாள்.

அவன் நாளையிலிருந்து கடைக்கு வருவான். இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். இங்கே ஒன்பது கோலோடு தப்பித்தது பின்வரிசை ஆட்களின் தயவு, மேல் பிரிவில் எங்கள் கோல்கீப்பர் ஒரு ஆட்டம்கூடத் தாங்க மாட்டான். அங்கே சொந்தக் கடை ஆள்தான் ஆட வேண்டும் என்ற விதி கிடையாது. ஒரு சீசனுக்கு உங்கள் கோல்கீப்பரைத் தர முடியுமா? என்ன கேட்கிறீர்கள்?

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 12, புதன்

அன்புள்ள சம்பந்தியம்மா,

பெற்ற தாயிடமே பிள்ளைக்கு விலை கேட்கச் சொல்கிறீர்கள். வேறு யாராவது என்றால் கூச்சப்படுவார்கள்.

மாப்பிள்ளை இன்று ஒன்பதுக்குக் கடைக்கு வந்தார். முதலில் அவரைத்தான் கேட்டேன். "ஆடுறேன் மாமா, ஆனா நீங்க மேட்ச் பாக்க வரணும்" என்றார். வருகிறேன். உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன். என் வாய்க்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் இந்த முறை அவருக்காகத்தான் கத்துவேன்.

ஐந்து பந்து கேட்கலாம் என்று இருந்தேன். நீங்கள் இரண்டு என்பீர்கள். அலைச்சல் வேண்டாம், நடுவில் நிற்கிறேன். சரி என்றால் கீழே கையெழுத்திட்டு ஒரு பிரதி அனுப்பவும்.

ஒரு சீசன், இருபத்திரண்டு ஆட்டம். செவ்வாய், வியாழன் பயிற்சிக்கு மாலை ஐந்துக்கு விடுவேன், சம்பளம் பிடிக்க மாட்டேன். புதுக் கையுறை என் செலவு. உங்கள் பங்கு மூன்று பந்து, ஒரு ஜோடி வலை, ஐம்பது பில் புத்தகம். சீசன் முடிந்த மறுநாள் கோல்கீப்பர் எனக்கே திரும்ப வேண்டும்.

சம்பந்தி

சம்மதம். பில் புத்தகம் நாற்பது.
— சம்பந்தி