செல்லிக்கு முன்னால் என் பெயர்

மாரண்டஹள்ளி,
2021 ஜூன், வியாழன் இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு ஏஞ்சலின் எழுதுவது. மலைமேல் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கடிதம் அப்படித்தான் தொடங்கும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய், அந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கு விட்டுவிடுகிறேன். ஏன் என்பது கீழே வரும், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் வரிசையாகப் படி. அப்பா தூங்குகிறார். அவருக்குத் தெரியாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மார்க் குறைக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. தக்காளி விலை படுத்துவிட்டது, அப்பா வண்டியில் ஓசூருக்கு ஏற்றிப்போன லோடில் பாதி அப்படியே திரும்பி வந்தது, தெரு முழுக்க எல்லார் வீட்டிலும் தக்காளித் தொக்குதான். கோயில் திறக்கவில்லை, ஞாயிறு பூசையைப் போனில் பார்க்கிறோம், போன வாரம் நடுப்பூசையில் அப்பா முழங்கால் போட்டபடியே தூங்கிவிட்டார், நான் எழுப்பவில்லை. எனக்கு வகுப்பு டிவியிலும் போனிலும் நடக்கிறது, கணக்கு புரிகிறது, அறிவியல் புரியவில்லை, கேட்கலாம் என்றால் வீட்டில் டீச்சர் இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வளர்ந்துதான் விட்டேன் அம்மா, யூனிபார்ம் சுடிதார் கை முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது, பள்ளி திறந்தால் எதைப் போட்டுக்கொண்டு போவேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு லூர்துமேரி அத்தை, உங்கம்மா பெத்தது ஒண்ணு, எடுத்துக்கிட்டது முப்பது, பெத்ததுக்குத்தான் சோறு ஆக்க ஆளில்ல என்று தினமும் சுவர்மேல் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். அப்பாவின் அக்கா என்பதால் நான் பதில் பேசுவதில்லை. மனதுக்குள் சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்திரையில் மலையில் இரண்டு சாவு விழுந்ததும் ஊரார் உன்னிடம் வந்து, டீச்சர், ஒண்ணு மேலயே இருங்க, இல்லாட்டி கீழயே இருங்க, ஏறி எறங்கி நோவு கொண்டாந்தா எங்க புள்ளைங்க தாங்காது என்று சொன்னார்களாமே, நீ மேலே இருக்கிறேன் என்றாய். கேட்டவுடன் சொல்லிவிட்டாயா, கொஞ்ச நேரமாவது யோசித்தாயா? அப்பா இதை உன்னிடம் கேட்கவே மாட்டார். நான் கேட்கிறேன். அன்றிலிருந்து உன் கடிதம் வந்தால் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. முதல் பக்கம் செல்லி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், இரண்டாம் பக்கம் செல்லிக்குப் பல் விழுந்தது, மூன்றாம் பக்கம் செல்லி உனக்குக் களாக்காய் பறித்து வந்தாள், கடைசி வரியில் ஏஞ்சலின் நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அவளுக்கு மூன்று பக்கம், எனக்கு ஒரு வரி. உனக்கு இங்கிருந்து பயிற்சித்தாள் எழுதி அனுப்புவது நான். ஜெராக்ஸ் கடை அடைத்ததிலிருந்து முப்பது பேருக்கும் கையால் எழுதுகிறேன், விரல் முட்டி வீங்கிவிட்டது. செல்லிக்கு மட்டும் வேண்டுமென்றே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்காகக் கொடுத்தேன், அழட்டும் என்றுதான். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுவிட்டாள், நீயும் கண்டுபிடித்துவிட்டு, உன் பொறாமையில் எனக்கு ஒரு நல்ல மாணவி கிடைத்தாள் என்று சிரித்து எழுதினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிப்பன் விஷயமும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எடுத்த என் சிவப்பு ரிப்பன் ஜோடியில் ஒன்றைப் பை வாய் கட்ட எடுத்துப் போனாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறிப் போன் செய்தபோது செல்லி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அக்கா, உன் ரிப்பன் என் சடையில கீது, டீச்சரம்மா ரெண்டு பின்னல் போட்டுச்சு, உனக்கு வேணுமா, குடுத்துரட்டா என்று கேட்டாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். வேறு என்ன சொல்வது, அப்பா ஸ்பீக்கர் போட்டிருந்தார். அன்று முழுக்க நான் சடையே பின்னவில்லை.

ஆனாலும் அம்மா, அந்த வேப்பிலை விஷயத்தை நீ எழுதியதை மட்டும் நான் பலமுறை படித்தேன். முதலில் காய்ச்சல் வந்த வீடுகள் வெளியே சொல்லாமல் ஒளித்து, பிள்ளைகளை மரத்தடி வகுப்புக்கும் அனுப்பினார்கள் என்றும், நீ கேட்டபோது, இது ஆசுபத்திரிக் காய்ச்சல், சொன்னா தூக்கினு போயிருவாங்க, ஆத்தா வந்திருந்தா நாங்க ஏன் டீச்சர் ஒளிக்கிறோம் என்றார்கள் என்றும், அப்படியானால் இதற்கும் அம்மைக்குக் கட்டுவது போல வாசலில் வேப்பிலை கட்டுங்கள், கட்டின வீட்டுக்கு யாரும் போக வேண்டாம், அரிசியும் முட்டையும் தாளும் வாசலுக்கு வரும், மாத்திரைக்கு நர்ஸம்மாவை நான் வரச்சொல்கிறேன் என்று நீ சொன்னதும் எழுதியிருந்தாய். அதிலிருந்து யாரும் ஒளிக்கவில்லை, வேறு சாவும் இல்லை. சாயங்காலம் நீ தெரு நடுவில் நின்று வருகை எடுப்பதும், பிள்ளைகள் அவரவர் வாசலில் நின்று உள்ளேன் டீச்சர் என்று கத்துவதும், வேப்பிலை கட்டிய வீட்டுப் பிள்ளை உள்ளேயிருந்து சாப்பாட்டுத் தட்டைத் தட்டுவதும், தட்டுச் சத்தம் கேட்டதும் தெருவே கைதட்டுவதும் எனக்குக் கண்ணில் தெரிகிறது. செல்லி வீட்டில் கட்டியிருந்தபோது நீ தள்ளி நின்று அவள் தூங்கும்வரை கதை சொன்னாயாமே. ஐந்தாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது நீ பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாய். அதையும் எழுதி வைக்கிறேன்.

இப்போது இன்றைக்கு நடந்தது. அப்பாவுக்கு இரண்டு நாளாக உடம்பு வலி, லோடு தூக்கின வலி என்றார். எனக்கும் தொண்டை கரகரப்பு, தொக்கு அதிகம் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு தாளும் சோப்புமாக மலைக்கு உனக்கு அனுப்பும் இந்த வார மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன், அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார். திடீரென்று அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஏண்டி ஏஞ்சலு, கருவாடு தீஞ்சு தெருவே நாறுது, மூக்கைக் கழட்டி அடகு வெச்சிட்டியா என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டி அடியோடு கரி, வீடெல்லாம் புகை. எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். பிள்ளைகளுக்காக மூட்டையில் வைத்திருந்த சோப்பை எடுத்து மூக்கில் அழுத்திப் பார்த்தேன், கூழாங்கல்லை முகர்ந்தது போல இருந்தது. அப்பா மெதுவாக, வெளிய சொல்லாத கண்ணு, தெருவுக்குக் கயிறு கட்டிருவாங்க, வண்டி எடுக்க முடியாது, தோட்டத்துத் தக்காளி எல்லாம் அழுகிப் போயிரும், முக்கியமா அம்மாவுக்கு எழுதாத, எழுதினா எறங்கி வந்துருவா, வந்தா மேல திரும்ப விடமாட்டாங்க, நாலு நாள்ல சரியாயிரும் என்றார். மூட்டை என்றேன். விடியக்காலம் மலையடிவாரத்துல வெச்சிட்டு யாரையும் தொடாம வந்துடறேன் என்றார். அப்பா கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். சவரிமுத்து பெரியப்பா போன மாதம் ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு கையாட்டிவிட்டுத் தருமபுரிக்குப் போனார், திரும்பி வரவில்லை, அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குப் பயம். எனக்கும் பயம்தான் அம்மா. இப்போது கூட அவர் இருமும்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறேன்.

இனி எழுதுவதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். மூட்டையில் எல்லாமே என் கை பட்டது, மடித்தது நான், பேர் எழுதும்போது தாள்மேல் இருமியதும் நான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, போகட்டுமே என்று நினைத்தேன். அப்பா சொன்னபடியே இருந்துவிடலாம், மூட்டை போகும், மேலே யாருக்காவது காய்ச்சல் வரும், பள்ளி வேண்டாம் என்பார்கள், நீ வீட்டுக்கு வருவாய், என் தலையைத் தொட்டுப் பார்ப்பாய். இப்படி நினைத்தது நான்தான், பிசாசு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பிறகு அந்த யாருக்காவது என்பதற்கு ஒரு முகம் வந்துவிட்டது, பல் விழுந்த முகம், இரண்டு பின்னல். எரிச்சலாக வந்தது. அங்கேயும் அவள்தான் முதலில் வருகிறாள். எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடியில் பிரித்துப் போட்டுவிட்டு வந்தேன், ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும், சோப்பு உருகினால் உருகட்டும். பிறகு குழாயடி வேப்பமரத்தில் கைக்கு எட்டிய கொத்தை உடைத்து வந்து நம் வீட்டுக் கம்பிக் கதவில் கட்டிவிட்டேன். நம் வீட்டில் என்றைக்கும் கட்டினதில்லை, நமக்கெதுக்கு வேப்பிலை என்று அத்தை காலையில் கேட்பார். பால்வண்டி சின்னராஜ் அண்ணன்தான் முதலில் பார்ப்பார், அவர் பார்த்தால் ஊருக்கே சொன்னது போல, அதற்கப்புறம் அப்பா வண்டியை எடுக்க முடியாது, பாலக்கோட்டுக்கு டெஸ்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார், அதற்கு அடியே தேவலை. கட்டுவதற்கு இருட்டில் கயிறு கிடைக்கவில்லை, ஜோடியில் மிச்சமிருந்த என் ரிப்பனால்தான் கட்டினேன். ஒன்று உன் செல்லி சடையில் இருக்கட்டும், ஒன்று இங்கே கதவில்.

ஞாயிற்றுக்கிழமை நீ பாறையிலிருந்து பேசும்போது அப்பாவே எல்லாம் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். அவர் பக்கத்தில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியாததற்குத்தான் இந்தக் கடிதம். இதைக் கவரில் போட்டு மதில்மேல் கல் வைத்துக் காய வைப்பேன், காய்ந்த பிறகு சின்னராஜ் அண்ணன் எடுத்து வருவார், நீயும் ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிரி. மேலே ஒரு இடத்தில் ஒரு சொல்லை அடித்திருக்கிறேனே, வா என்றுதான் அங்கே முதலில் எழுதியிருந்தேன். இப்போது வராதே என்று எழுதுகிறேன், எழுதிவிட்டேன், நீ இறங்கினால் அந்தத் தெருவில் யார் வருகை எடுப்பார்கள்? மழைத்தூறலில் பாறைமேல் ஏறாதே, வழுக்கும். இரவில் தனியாக அந்தப் பள்ளி அறையில் படுக்காதே, யாராவது ஆயாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். முகக்கவசத்தைக் கழுவாமல் இரண்டாம் நாள் போடாதே. இந்த வாரம் தாள் வராது, செல்லிக்கு நீயே சிலேட்டில் எழுதிக் கொடு, கஷ்டமாகவே கொடு, சுலபமாகக் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவாள்.

ஆசீர்வாதம் பண்ண நான் பெரியவள் இல்லை, ஆனால் நீ இல்லாத வீட்டில் வேறு யார் பெரியவர்கள்? தூங்கும்முன் நீ என் நெற்றியில் போடும் சிலுவையை அப்பா தூங்கும்போது அவருக்குப் போட்டேன், இந்தத் தாளின் மூலையில் உனக்கும் ஒன்று போட்டிருக்கிறேன். செல்லிக்குப் போடாதே, அவளுக்கு அவள் சாமி இருக்கிறது, இந்தச் சிலுவை என்னுடையது.

மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த நாள் சாயங்காலம் வருகை எடுக்கும்போது என் பெயரையும் கூப்பிடு. கடைசியில் சேர்க்காதே, செல்லிக்கு முன்னால் கூப்பிடு. நாளையிலிருந்தே அந்த நேரத்துக்கு இங்கே தட்டைத் தட்டப்போகிறேன், நீ எந்த நாள் கூப்பிடுவாய் என்று தெரியாததால் தினமும் தட்டுவேன். மலைவரைக்கும் கேட்காது. நீ கைதட்டச் சொல், அவர்கள் தட்டுவார்கள்.

உள்ளேன் டீச்சர்,
உன் மகள்
அ. ஏஞ்சலின்