ஊருக்குப் போகிற பெட்டி

மதினி,

மத்தியானத்திலிருந்து காற்று சரியில்லை. மழை சாய்ந்து அடிக்கிறது. அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்தப் போனேன். கையில் அந்த இரும்பு வளையம் பட்டது. ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது. தினமும் பிடிக்கிற கைப்பிடிதான், ஆனால் இந்த மாதிரி மழையில் மட்டும் அது உங்கள் பெட்டியின் கைப்பிடியாக மாறிவிடுகிறது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உங்களிடம் பேசத்தான் வருகிறது எனக்கு.

இந்த நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில், உங்களைப் போல ஒரு பெட்டிப் பைத்தியத்தை யாரும் கண்டதில்லை. எல்லாரும் வந்திறங்கிய வாரமே மூட்டையைப் பிரித்து அடுப்பு மூட்டினோம். நீங்கள் மட்டும் உங்கள் அப்பா சீராகக் கொடுத்த பலாமரப் பெட்டியை வாசல் பக்கமே வைத்திருந்தீர்கள். உள்ளே இரண்டு சேலை, ராமேஸ்வரம் விபூதி, உங்கள் அம்மாவுக்கென்று எடுத்த ஒரு துண்டு. "அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்குப் போயிருவேன் புள்ள. இந்த அட்டைக் கடியில மனுசி இருப்பாளா?" என்பீர்கள். கப்பல் வரும், போகும். பட்டாளத்திலிருந்து வந்த அண்ணன், சர்க்கார் கொடுத்த காட்டில் அரை ஏக்கரைக்கூட இன்னும் வெட்டி முடித்திருக்க மாட்டார். நீங்கள் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் துடைத்து வைப்பீர்கள். நாங்கள் எல்லாரும் உங்களைக் கேலி செய்தோம். நான்தான் அதிகம்.

அண்ணன் பனிமலையில் காவல் இருந்த கதை நினைவிருக்கிறதா? பனி வாசலை மூடிவிட, கூடாரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தாராம். "அடைபட்டா மொதல்ல வெறகப் பாக்கணும், பொறவுதான் சோறு" என்பார். நமக்கு அது ஏறவே இல்லை. ராமநாதபுரத்துச் சீமையில் ஒரு குடம் தண்ணீருக்கு ஊருணிக்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்ந்த கால்கள் நம்முடையவை. வானம் கறுத்தால் நம் கை தானாகக் குடத்தைத்தான் தேடும்.

புயல் வந்த அன்றும் அப்படித்தான். ஆண்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் காடு வெட்டப் போயிருந்தார்கள். பக்கத்து சர்தார்ஜி வீட்டு அம்மா, "தூஃபான், தூஃபான்" என்று தன் பாஷையில் புயலைச் சொல்லிக் கத்திக்கொண்டே விறகையெல்லாம் உள்ளே அள்ளிப் போட்டாள். நாம் என்ன செய்தோம்? குடம், அண்டா, சட்டி, பால் டம்ளர் வரைக்கும் கொண்டுபோய்த் தகரக் கூரையின் கீழே வரிசையாக வைத்தோம். எல்லாம் நிரம்பி வழிவதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். சுவரோரம் கிடந்த விறகு நனைந்து ஊறியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு உங்கள் வீட்டுத் தகரம் பறந்தது. அந்த மழையில் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "வீடு போனாலும் பெட்டி போகலையே மதினி" என்று அப்போதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மரங்கள் சாய்ந்து பாதை அடைத்துக்கொண்டது. ஓடை பொங்கிவிட்டது. ஆண்கள் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். என் மகளுக்கு முதல் நாளே சளியும் காய்ச்சலும் இருந்தது. அன்று சாயங்காலம் அவளுக்குக் குளிர் கண்டது. பல் முளைக்காத வாய் கிடுகிடுவென்று ஆடியது. அடுப்பில் வைத்த விறகு புகைந்ததே தவிர பிடிக்கவில்லை. வீடு நிறையத் தண்ணீர் இருந்தது, அதில் ஒரு கை வெந்நீர் வைக்க வழியில்லை.

நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். சேலை இரண்டையும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றினீர்கள். விபூதியைப் பிரித்து நெற்றியில் பூசினீர்கள். அப்புறம் அரிவாளை எடுத்தீர்கள்.

"வேணாம் மதினி. ஊருக்குப் போற பெட்டி."

"ஊரு எங்குட்டும் ஓடிப் போகாது. புள்ள போயிரும். தள்ளு."

மேலே நனைந்திருந்தாலும் பலாப் பலகை உள்ளுக்குள் காய்ந்து கிடந்ததால் உடனே பற்றிக்கொண்டது. வெந்நீர் வைத்தோம், கஞ்சி வைத்தோம். அவள் கண் திறந்து இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர் குடித்தாள். உங்கள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். புயல் விடுகிற வரைக்கும் ஒவ்வொரு பலகையாக வைத்தீர்கள், முதலில் மூடி, பிறகு பக்கங்கள், கடைசியில் அடிப்பலகை. காற்று அடங்கிய காலையில், அடுப்பில் இன்னும் கங்கு இருக்கும்போதே, அவள் என் மடியில் அடங்கிப் போனாள். கம்பவுண்டர் பிற்பாடு, "முன்னாடியே கொண்டாந்திருந்தாலும்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நீங்கள்தான் என்னைவிடச் சத்தமாக அழுதீர்கள்.

என் வீட்டுக்காரர் சாம்பலைக் கிளறியபோது பெட்டியின் அந்தக் கைப்பிடி வளையம் கிடைத்தது. எறிய மனமில்லாமல் அடுப்படிக் கதவில் அடித்து வைத்தார்.

அடுத்த கப்பல் வந்தபோது நீங்கள் கப்பல்துறைக்குப் போனீர்கள். இந்த முறை போயேவிடுவீர்கள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் ரேஷன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தீர்கள். என்னைப் பார்த்து, "என்னத்தப் பாக்குற? நம்ம புள்ளைய இங்க போட்டுட்டு நான் எங்குட்டுப் போக?" என்றீர்கள். என் பிள்ளையை 'நம்ம' பிள்ளை என்றீர்கள், மதினி. அதற்கப்புறம் உங்கள் வாயில் ஊர்ப் பேச்சே வரவில்லை. உங்கள் அம்மா செத்த தந்தி வந்த அன்றுகூட, தென்னங்கன்றுக்கு மண் அணைத்துவிட்டுத்தான் வந்து அழுதீர்கள்.

நீங்கள் கேட்டபடியே உங்களை அவள் குழிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். இந்த மழையில் அங்கே தண்ணீர் தேங்குமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்று விறகை முதலில் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அதன் பிறகும் கை கேட்கவில்லை, ஒரு குடத்தை வெளியே வைத்தேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "வயசாகுது. இந்த மழை விட்டதும் ஊருக்கே போயிரலாமா?" என்றார்.

"எப்படிப் போறது? நம்மகிட்டப் பெட்டி இல்லையே" என்று எழுந்து மறுபடி வளையத்தைப் பிடித்தேன்.

அவர் கதவைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, என் கையோடு சேர்த்து அந்த வளையத்தைப் பிடித்து, கதவை இழுத்துச் சாத்தினார்.