கேட்டுவிட்டு அமுக்கிய பட்டன்

அண்ணே,

இன்று காலை மணிமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில், பழைய சொகுசுக் கார் ஒன்றின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். புது மேப்பும் சாஃப்ட்வேரும் ஏற்றுகிற வேலை. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, தொடங்கலாமா என்று திரை கேட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு டிராக்டர் போனது. டீசல் புகை கதவு வழியாக உள்ளே வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. கார்க்காரர் பதறிப்போய் என்னம்மா பிரச்சனை என்று கேட்டார். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஒரகடத்துக்குப் பக்கத்தில் உங்கள் மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்த காலம் அது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில், தன் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு மேனேஜரின் கறுப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. உங்கள் மனைவி, எனக்கு அக்கா, அவர் மட்டும் வாசலுக்கு வரவில்லை. நிலம் போனதில்கூட அவருக்கு அத்தனை வருத்தம் இல்லை அண்ணே. விற்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பத்திர ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தீர்களே, அதுதான் ஆறவில்லை. டிராக்டரையும் விற்கப் பார்த்தபோது, அதன் சாவியைத் தன் இடுப்புக் கொத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

நீங்களோ காருக்குள் வழி சொல்லும் இங்கிலீஷ் குரலில் மயங்கிக் கிடந்தீர்கள். ‘அந்தம்மா’ என்று மரியாதையாகத்தான் அதைச் சொல்வீர்கள். அந்தம்மாவுக்குத் தண்டலம் வரைக்கும்தான் ஊர் தெரியும். அதைத் தாண்டினால் மேப்பில் வெறும் வெள்ளை. புது ரோடு எதுவும் தெரியாமல் திரும்பு திரும்பு என்று அவள் கத்த, நீங்களும் பயபக்தியோடு திருப்பி, வந்த வழியே தண்டலத்துக்குப் போய்விட்டு வருவீர்கள். அதைக் கேட்டு ஒருநாள் அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "பொட்டிக்குள்ள பேசறவ சொன்னா உடனே கேக்கறாரு. வூட்ல கீறவள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல."

மாடிப்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தீர்கள்.

அதற்கப்புறம் கார் படுத்துக்கொண்டது. பேட்டரி இறங்கிப் புதிது மாற்றியதும், திரை எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஏசி, பாட்டு, மேப் எல்லாம் திரைக்குப் பின்னாலிருந்த அந்த ஒரு பெட்டிக்குள் அடக்கம். சாஃப்ட்வேர் பழசு, பெட்டியையே மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகும் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். நிலத்தை விற்றுக் குட்டிச்சுவரை வாங்கினான் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து கேட்டீர்கள்: "ஏம்மா, கம்பெனில செல்லுக்கு சாஃப்ட்வேர் ஏத்தற. இதுக்கு ஏத்த மாட்டியா? ரெண்டும் பொட்டிதான?"

"அங்க ஒரு போன் செத்தா தட்டுல போட்டுட்டு அடுத்தத எடுப்போம்ணே. இது செத்தா உங்ககிட்ட அடுத்தது இருக்கா?" என்று வெடுக்கென்று கேட்டேன். வாய்தான் அப்படி. கை அன்றைக்கே அரித்தது. டேட்டா கார்டை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடித் தேடிப் படித்தேன். அந்த மாடலுக்குக் கார் கம்பெனியே புது சாஃப்ட்வேரும் மேப்பும் விட்டிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதை டிவிடியில் ஏற்றி எடுத்து வந்தேன். உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். டிவிடி ஓடி முடிகிற வரைக்கும் பேட்டரிக்குச் சார்ஜர் ஓட வேண்டும். நடுவில் கரெண்டு போய் பேட்டரி இறங்கினால், பெட்டி ஒரேயடியாகப் போய்விடும்.

அது என்ன காலம் என்று உங்களுக்குத் தெரியாதா? கரெண்டு இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். நானோ கட் ஆகும் நேரத்தைப் பார்த்து நாள் குறித்தால், நீங்கள் காலண்டரைக் கிழித்துக்கொண்டு வருவீர்கள். நல்ல நேரம் வந்தால் கரெண்டு இருக்காது, கரெண்டு வந்தால் ராகு காலம். "ராகு காலத்துல கரெண்டு மட்டும் எதுக்கும்மா வருது?" என்று நொந்துகொண்டீர்கள். கடைசியில் ஒரு நாள் பகல் கட் முடிந்து கரெண்டு வந்தபோது, நல்ல நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆரம்பித்தால் போதும், முடிவதை முருகன் பார்த்துக்கொள்வான் என்றீர்கள்.

சார்ஜரை மாட்டினோம், டிவிடியைப் போட்டோம். திரை கேள்வி கேட்டது. தமிழில் சொன்னேன்: ஆரம்பிச்சா திரும்ப முடியாது, சம்மதமா? நீங்கள் விரலை நீட்டினீர்கள், மடக்கினீர்கள். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அமுக்குங்கண்ணே என்று நான் கத்துகிறேன், நீங்களோ காரை விட்டு இறங்கி அடுப்படி வாசலில் போய் நின்றீர்கள்.

"இத பாரு மே. அமுக்கினா நல்லாவும் ஆவலாம், மொத்தமாவும் பூடலாம். நீ இன்னா சொல்ற? அமுக்கவா, வோணாவா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை.

"கரெண்டு பூடறதுக்குள்ள அமுக்கு" என்றார்.

அமுக்கினீர்கள். கோடு மெதுவாக நகர்ந்தது. அது பாதியைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டு டிவி நின்றது, சார்ஜரின் இரைச்சல் நின்றது. நேரம் காலம் இல்லாத கட். வேறு எந்த வண்டியையாவது ஓடவிட்டு அதன் பேட்டரியிலிருந்து வயர் மாட்டணும் என்று கத்தினேன். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். திரையின் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அப்போதுதான் கொட்டகையிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிராக்டரைக் காரின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உனக்கு ஏன் மே இந்தக் கஷ்டம்" என்று நீங்கள் முனகினீர்கள்.

"நான்தான அமுக்கச் சொன்னேன்? நவுரு."

வயரை மாட்டினேன். வெளிச்சம் மறுபடி ஏறியது. டிராக்டர் தடதடவென்று புகை கக்கிக்கொண்டிருக்க, அந்தச் சொகுசுக் கார் அதன் தயவில் உயிர் பிழைத்தது. கோடு முழுசாகி, திரை அணைந்து எரிந்து, மேப் வந்தபோது, வெள்ளையாக இருந்த இடத்தில் நம் ஏரி நீலமாக இருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் அக்காவைக் கேட்க ஆரம்பித்தீர்கள். நீல சட்டை போடவா, வெள்ளை போடவா என்பது வரைக்கும். அக்கா அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பூரித்துப்போனார். என் கம்பெனியை இழுத்து மூடியபோது, மூட்டை கட்டி ஊருக்குப் போக இருந்தேன். எங்க வூட்டுப் பொண்ணு எந்தக் காரையும் பேச வெக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லி, எனக்கு இந்தத் தொழிலைப் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான்.

நெஞ்சு வலி என்று சொல்லிப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா சொன்னார்: "என்ன கேக்காம ரெண்டே ரெண்டுதான் செஞ்சாரு. நெலத்த வித்தாரு. இப்ப பூட்டாரு." அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். இப்போது அவரே அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொள்கிறார். டிராக்டர் ஓட்டிய கை, ஸ்டியரிங்கை முறுக்குகிற முறுக்கில் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இன்று காலை மணிமங்கலத்திலும், உங்கள் வீட்டம்மா இருந்தால் கூப்பிடுங்கள் என்றுதான் கார்க்காரரிடம் சொன்னேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அமுக்குவதற்கு முன்னால் அதைத்தான் செய்கிறேன். எதற்கு என்று புரியாமல் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த அம்மா ஈரக்கையோடு வந்தார். நல்லதும் சொன்னேன், கெட்டதும் சொன்னேன். அமுக்கட்டுமா என்று கேட்டேன்.

"என்னையா கேக்கற?" என்றார். புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துபோனது அண்ணே.

"கொஞ்சம் இரும்மா, அடுப்ப அணைச்சிட்டு வந்து சொல்றேன்."

நான் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.